ஆயில் பேஸ்டல்: தம்பிக்கு வாங்கி 6 வருஷம் ஆச்சு, இப்பதான் ரிவ்யூ எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், நான் ஆர்ட்டிஸ்ட் கிடையாது. ஸ்கூல்ல ட்ராயிங் பீரியட்ல ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு குடிசை, பக்கத்துல ஆறு, அவ்ளோதான் நம்ம திறமை. இந்த ரிவ்யூ என் தம்பிக்கு வாங்கினத பத்தி. அவனுக்கு இப்ப 23 வயசு, டவுன் சிண்ட்ரோம். அதனால பிளெண்டிங் எப்படி இருக்கு, லேயரிங் எப்படி இருக்குன்னு ஆர்ட்டிஸ்டுங்க எழுதற மாதிரி இதுல எதுவும் இருக்காது. வீட்ல இப்படி ஒரு புள்ள இருந்து, எந்தக் கலர வாங்கிக் குடுக்கறதுன்னு கடையில நின்னு முழிக்கறவங்களுக்காக எழுதறேன், நான் அப்படி முழிச்சுக்கிட்டு நின்னப்போ தமிழ்ல உருப்படியா ஒண்ணுமே கைக்கு சிக்கல.

ஆயில் பேஸ்டலுக்கு, அதாவது எண்ணெய் சேத்த கலர் குச்சிக்கு, முன்னாடி வீட்ல என்னென்ன வந்து போச்சுன்னு சொன்னாத்தான் இது ஏன் தங்குச்சுன்னு புரியும். கலர் பென்சில்தான் மொதல்ல, யார் வீட்டுக்கு வந்தாலும் பர்த்டேக்கு அதத்தான் குடுப்பாங்க, ஒரு டப்பா நிறைய சேந்துடுச்சு. ஆனா டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்களுக்கு பொதுவாவே தசை கொஞ்சம் தளர்வா இருக்கும், ஹைப்போடோனியான்னு டாக்டர் சொல்வாங்க, மூட்டும் லூசா இருக்கும், விரலும் குட்டை. அந்தக் கையால கலர் பென்சில அழுத்தி அழுத்தி ஒரு சிவப்பு வர வைக்கறதுக்குள்ள மணிக்கட்டு வலிச்சுடும். பாவம், அரைப்பக்கம் தேய்ச்சுட்டு கைய உதறுவான். பேப்பர பாத்தா கலர் இருக்கா இல்லையான்னே தெரியாது, ஏதோ சாம்பல் பூசின மாதிரி இருக்கும். நாங்க எல்லாரும் சேந்து "இவனுக்கு ட்ராயிங்ல இன்ட்ரஸ்ட் இல்ல" ன்னு முடிவு கட்டிட்டோம். இப்ப நினைச்சா சிரிப்பா வருது, கோவமும் வருது, எழுதாத பேனாவ ஒருத்தன் கையில குடுத்துட்டு இவனுக்கு எழுத வரலன்னு சொன்ன கதை.

ஸ்கெட்ச் பென் பரவால்ல, தொட்டாலே கலர் வரும், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மூடி போட மாட்டான், ரெண்டு நாள்ல காஞ்சுடும், முனை உள்ள போயிடும். வாட்டர் கலர் சுத்தமா ஒத்து வரல. தண்ணி அளவு பாக்கணும், காயற வரைக்கும் காத்திருக்கணும், இவன் போட்ட நீலமும் மஞ்சளும் ஓடிப் போய் ஒண்ணா கலந்து அழுக்குப் பச்சையானத பாத்து ஒரு நாள் சாயங்காலம் முழுக்க பேசாம உக்காந்திருந்தான். மெழுகு கிரேயான் ரொம்ப சின்ன வயசுல இருந்துச்சு, அதுவும் அழுத்தணும், பட்டுனு ஒடிஞ்சுடும்.

அதுக்கப்புறம்தான் கிளாஸ். பேர் போடல, நல்ல எண்ணத்தோடதான் நடத்தறாங்க, ஸ்பெஷல் புள்ளைங்களுக்குன்னே வாரத்துல ரெண்டு நாள். இவனுக்கு அப்ப 15 வயசு. ரெண்டு வருஷம் போனான். மாசா மாசம் ஒரு படம் கொண்டு வருவான், பாத்தா நமக்கே ஆச்சரியமா இருக்கும், கோடெல்லாம் நேரா, மரத்துல நிழல்கூட விழும். அம்மா ஒவ்வொண்ணையும் லேமினேட் பண்ணி வெச்சாங்க.

மார்ச் 21ஆம் தேதி உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கறதாலதான் இந்த கண்டிஷன், அதனால மூணாவது மாசம் 21ஆம் தேதின்னு வெச்சிருக்காங்க. அன்னிக்கு கிளாஸ்ல கண்காட்சி வெச்சாங்க. பெரியப்பா, சித்தி, எதிர்வீட்டு மாமி எல்லாரையும் கூட்டிட்டுப் போனோம். உள்ள போனா சுவர் முழுக்க 14 படம். 14லயும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஆறு, தென்னை மரம். மேல சொன்னேனே என் திறமை, அதேதான், கொஞ்சம் நல்லா வரைஞ்சது. கீழ பேர் மட்டும் வேற வேற. பெரியப்பா இவன் படத்துக்கு முன்னாடி நின்னு "அட, நீயாடா வரைஞ்ச" ன்னு தோள்ல தட்டினாரு. இவன் ரொம்ப சாதாரணமா, ஏதோ கடைக்காரன்கிட்ட பாக்கி சில்லறை கேக்கற மாதிரி, "நான் இல்ல. மிஸ்" ன்னான்.

பெரியப்பா சிரிச்சாரு, எல்லாரும் சிரிச்சாங்க, மிஸ்ஸும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. வீட்டுக்கு வந்து கேட்டேன், எப்படிடா வரைவீங்க அங்கன்னு. பேச்சு அவனுக்கு அவ்வளவு தெளிவா வராது, அதனால செஞ்சே காட்டினான். என் கைய எடுத்து டேபிள்ல வெச்சு, மேல அவன் கைய வெச்சு அமுக்கி, இப்படி இப்படின்னு நகர்த்தினான். நல்லா வலிச்சுது. ரெண்டு வருஷமா ஃபீஸ் கட்டி நாங்க லேமினேட் பண்ணி வெச்சது மொத்தமும் மிஸ்ஸோட கை.

கிளாஸ நிறுத்தினோம். ஆறேழு மாசம் வீட்ல கலர்னு ஒண்ணும் கெடயாது.

அப்புறம் சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிகை பாக்க சென்னை பாரிமுனை, ஆண்டர்சன் தெரு போனோம். போனவங்களுக்குத் தெரியும், அந்தத் தெரு முழுக்க பேப்பரும் கார்டும்தான், ரெண்டு பக்கமும் கட்டு கட்டா அடுக்கியிருக்கும், நடுவுல மீன்பாடி வண்டி போய்க்கிட்டே இருக்கும். அம்மாவும் சித்தியும் கார்டு பொறுக்க ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் நிச்சயம். இவன் நச்சரிக்க ஆரம்பிச்சுட்டான், பசிக்குதுங்கறான், வீட்டுக்குப் போலாங்கறான். பக்கத்துக் கடையில ஸ்டேஷனரி ஹோல்சேல், அங்க ஒரு பெரியவர் இவன பாத்துட்டு ஒரு வேஸ்ட் கார்டையும், பாதி ஒடிஞ்ச ஒரு ஆயில் பேஸ்டல் துண்டையும் எடுத்து "இந்தா தம்பி, கிறுக்கு" ன்னு குடுத்தாரு. நல்ல கருநீலம். இவன் வழக்கம்போல சும்மா லேசா ஒரு இழு இழுத்தான். சும்மா கும்முனு வந்துச்சு கோடு, அரை இன்ச் அகலத்துக்கு. நிறுத்திட்டான். கோட்ட பாத்தான், துண்ட பாத்தான், மோந்து பாத்தான், அப்புறம் என்ன பாத்து, "க்கா, வருது."

அன்னிக்கே 25 கலர் டப்பா ஒண்ணு வாங்கியாச்சு. பத்திரிகைதான் செலக்ட் ஆகல.

இப்ப சரக்கு என்னன்னு சொல்லிடறேன். ஆயில் பேஸ்டல்ங்கறது கலர் பொடி, மெழுகு, கூட காயாத எண்ணெய் ஒண்ணு, இந்த மூணும் சேத்து குச்சியா உருட்டினது. கிரேயான்ல மெழுகு ஜாஸ்தி, அதனால கெட்டி. இதுல எண்ணெய் இருக்கறதால வெண்ணெய் மாதிரி இழுக்கும், கம்மி அழுத்தத்துலயே முழு கலரும் இறங்கிடும். தளர்ந்த கைக்கு இதவிட தோதான சாமான் நான் பாக்கல. அழுத்திப் பிடிக்கறப்போ வேற மாதிரி கெட்டியா வரும், லேசா விட்டா புள்ளி புள்ளியா வரும், அதாவது அவன் கை என்ன பண்ணுச்சோ அது அப்படியே பேப்பர்ல தெரியும். இது முக்கியம்ங்க. அதுக்கு மேல இன்னொருத்தர் கை வெச்சு அமுக்க வேண்டிய தேவையே வராது.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தப்போ ஒரு விஷயம் படிச்சேன், எனக்கு ரொம்பப் புடிச்சுது. 100 வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான்ல கனே யமமோட்டோன்னு ஒரு ஓவியர். அங்க அப்போ ட்ராயிங் கிளாஸ்னா மாடல் படத்த முன்னாடி வெச்சு அப்படியே காப்பி அடிக்கறதுதான். இவரு, புள்ளைங்க அவங்க பாக்கறத அவங்க இஷ்டத்துக்கு வரையட்டும்னு ஊர் ஊரா சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு. அந்த யோசனைய புடிச்சுக்கிட்டுதான் சகுரா கம்பெனி, 1921ல ஆரம்பிச்சது, சின்னப் புள்ளைங்க கைக்கு சுலபமா கலர் வர்ற மாதிரி இந்த ஆயில் பேஸ்டல அந்தக் காலத்துல கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் 1949ல பிரான்ஸ்ல செனலியர் கம்பெனி பிக்காசோவுக்காக பெரியவங்க தரத்துல ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க, அது வேற கதை. காப்பி அடிக்க வேணாம்னு சொல்றதுக்காகவே பொறந்த கலர், இங்க 14 பேர் ஒரே மலைய காப்பி அடிச்ச கிளாஸுக்கு அப்புறம் எங்க வீட்டுக்கு வந்துச்சு.

சரி, எப்படி யூஸ் பண்றோம்னு சொல்றேன், இதுதான் நிறைய பேருக்கு தேவைப்படும். வாங்கின உடனே குச்சிமேல சுத்தியிருக்கற பேப்பர உரிச்சுடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணையும் ஒரு கட்டைவிரல் நகம் ரெண்டு நீளத்துக்கு ஒடிச்சுடுங்க. புது டப்பாவ ஒடிக்க நமக்கு மனசு வராது, அம்மா கத்தவே கத்திட்டாங்க. ஆனா முழு குச்சின்னா அவன் உள்ளங்கையில உலக்கை மாதிரி புடிச்சு இடிப்பான், துண்டா இருந்தா உள்ளங்கையில புடிக்க இடமே இருக்காது, தன்னால விரல் நுனிக்கு வந்துடும். இது ஒரு தெரபிஸ்ட் அக்கா சொல்லிக் குடுத்தது. பேப்பர நாலு மூலையிலும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிடணும், இல்லன்னா ஒரு கை வரையும் இன்னொரு கை பேப்பர புடிக்கணும், ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கறது அவனுக்கு கஷ்டம். டேபிள்ல ஆபீஸ் பாக்ஸ் ஃபைல் ஒண்ணு படுக்க வெச்சு, அதோட சரிவுல அட்டைய சாச்சு வெச்சா மணிக்கட்டு நல்ல பொசிஷன்ல நிக்கும், கழுத்தும் தொங்காது. ஸ்டாண்டெல்லாம் காசு குடுத்து வாங்க வேணாம். கால் தரையில படணும், தொங்கிச்சுன்னா உடம்பு மொத்தமும் ஆடும், இவன் குள்ளம்ங்கறதால காலுக்கு கீழ கல்யாண வீட்டு மணைய போட்டிருக்கோம். தேவைப்பட்டா முழங்கைய தாங்கிப் புடிங்க, கைய மட்டும் தொடாதீங்க.

கண்ணும் ஒரு விஷயம். டவுன் சிண்ட்ரோம் இருக்கற நிறைய பேருக்கு கிட்ட இருக்கறத ஃபோகஸ் பண்றது கஷ்டம், கண்ணாடி போட்டும்கூட. சின்னப் புள்ளைங்களுக்கே பைஃபோகல், அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி, எழுதிக் குடுக்கறது அதனாலதான். இவனுக்கு 19 வயசுலதான் பைஃபோகல் போட்டோம், லேட்டு. போட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கிளாஸ்ல பென்சில்ல மெல்லிசா அவுட்லைன் போட்டு "உள்ள கலர் அடி" ன்னு குடுப்பாங்களே, அந்தக் கோடே இவனுக்கு சரியா தெரிஞ்சிருக்காது. கோட்ட தாண்டி அடிச்சிட்டான்னு எத்தன தடவ சொல்லியிருப்போம். ஆயில் பேஸ்டல்ல கோடு கும்முனு இருக்கறதால அந்தப் பிரச்சனை இல்ல. கருப்பு சார்ட்டுல வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு குடுத்துப் பாருங்க, புள்ள மூஞ்சிய பாக்கணும் அப்ப.

என்ன வரைவான்னு கேக்கறீங்களா, பஸ்சு. பஸ்சு, பஸ்சு, பஸ்சு. நாங்க மந்தைவெளி பக்கம், 29சி தான் அவன் உயிரு. ஒரு தடவ அவன் வரையறத பக்கத்துல உக்காந்து முழுசா பாத்தேன், 40 நிமிஷம். மொதல்ல கீழ வலது மூலையில டயர், கருப்பு, அத ரொப்பறதுக்கே கால் மணி நேரம், நாக்கு லேசா வெளிய வந்துடும். அப்புறம் ரெண்டாவது டயர். டயர் ரெண்டும் ஆனதுக்கப்புறம் பஸ்ஸு எவ்ளோ பெருசுன்னு அங்க முடிவாயிடும், அதுக்கு மேல நீலத்துல பெட்டி. ஜன்னல் ஒவ்வொண்ணுலயும் ஒரு மூஞ்சி, எல்லாரும் நம்மள பாத்துக்கிட்டு இருப்பாங்க, யாரும் ரோட்ட பாக்க மாட்டாங்க, டிரைவர் உட்பட. கண்டக்டர் மட்டும் பஸ்ஸவிட உசரம், கூரைய பிச்சுக்கிட்டு வெளிய நிப்பாரு. ஏன்டா இவ்ளோ பெருசுன்னா, "விசிலு" ன்னான். சரிதானே, அவர் விசில் அடிச்சாத்தானே வண்டி நகரும். நெத்தியில 29சி எழுதுவான், சி மட்டும் திரும்பி நிக்கும். திருத்தலாமான்னு எனக்கு கை அரிக்கும், பல்ல கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

சண்டையும் அதுலயே போடுவான். ரிமோட்ட ஒடச்சான்னு ஒரு நாள் கத்தினேன், நல்லா கத்தினேன். பதிலுக்கு ஒரு வார்த்த பேசல, உள்ள போயிட்டான். ராத்திரி சாப்பிட வரும்போது தட்டுக்குப் பக்கத்துல ஒரு பேப்பர வெச்சான். பாதி பேப்பருக்கு ஒரு வாய், சிவப்பு, உள்ள பல்லு எண்ணி எண்ணி போட்டிருக்கான், வாய்க்கு மேல புள்ளியா ரெண்டு கண்ணு, ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பொட்டுதான் ஹைலைட், நான் வைக்கற அதே மெரூன். அம்மா சிரிச்சு புரையேறிடுச்சு. வாய் பேசி என்கிட்ட ஜெயிக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும், 23 வருஷமா தெரியும். அத ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்.

இப்ப குறைங்க. நிறைய இருக்கு, மறைக்க மாட்டேன்.

இது காயவே காயாது. ஒரு மாசம் ஆனாலும் ஒரு வருஷம் ஆனாலும் கை பட்டா இழுவும், எண்ணெய் அப்படி. படத்த ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா போச்சு, நடுவுல பட்டர் பேப்பர் வெச்சே ஆகணும். ஸ்ப்ரே அடிச்சா நிக்கும்னு எங்கயோ கேட்டு சாதாரண ஃபிக்ஸேட்டிவ் வாங்கிப் பாத்தேன், காசு தண்டம், அது கரித்துண்டுல வரையறதுக்கும் சாக் பேஸ்டலுக்கும்தான். கலர் துகள் உதிரும், அத மிதிச்சுக்கிட்டு வீடு முழுக்க நடப்பான், எங்க வீட்டு மொசைக்ல எந்த ரூம்ல பாத்தாலும் ஒரு நீலக் காலடி இருக்கும், கிருஷ்ண ஜெயந்திக்கு போடற மாதிரி. கதவு கைப்பிடி, ஸ்விட்ச், தலகாணி ஒறை, அம்மாவோட காட்டன் புடவை, எல்லாம் ஆச்சு. தண்ணி போட்டு தேய்க்காதீங்க, இன்னும் பரவும். பஞ்சுல கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு துடைச்சா கரைஞ்சு வந்துடும், அப்புறம் சோப்பு. கைக்கும் அதே வைத்தியம்தான். துணி மட்டும் சொல்ல முடியாது, வந்தா வரும். பழைய டீஷர்ட் ஒண்ணு அதுக்குன்னே ஒதுக்கிடுங்க.

அப்புறம் மெட்ராஸ் வெயில். மே மாசம் மத்தியானம் எடுத்தா குச்சி கொழகொழன்னு கையோட வரும், அப்ப அவனுக்கு எரிச்சல் ஆயிடும். வரையறதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி ஃபிரிட்ஜ்ல, கதவுல முட்டை வைக்கற இடத்துல வெச்சு எடுப்போம். ஃபிரீஸர்ல வெச்சுடாதீங்க, கெட்டியாயிடும், மறுபடி அழுத்தற கதைதான். வெள்ளையும் மஞ்சளும் பக்கத்து கலர் ஒட்டி சீக்கிரம் அழுக்காயிடும், ஒவ்வொரு தடவையும் டிஷ்யூல துடைக்கணும், இவன் அத இப்ப தானாவே பண்றான், கண்ணாடி துடைக்கற மாதிரி பயபக்தியா. ஸ்டூடண்ட் செட்டுல ரோஸ், வயலெட்டெல்லாம் ஜன்னல் வெளிச்சத்துல வெளுத்துடும். அவனோட மொத வருஷ பஸ்ல ஒண்ணு இப்ப கிட்டத்தட்ட வெள்ளை பஸ்.

எது வாங்கலாம்னா, ஆரம்பத்துக்கு கேமல் 25 கலர் போதும், எந்தத் தெருவுலயும் கிடைக்கும், ஒடிக்க மனசு வர்ற விலை. இப்ப நாங்க 50 கலர் டப்பா வாங்கறோம். போன வருஷம் போனஸ் வந்தப்போ கொரியாவோட முங்யோ கேலரி சாஃப்ட் ஒரு செட்டு வாங்கினேன், விலை எங்கயோ இருக்கு, ஆனா நெஜமாவே வெண்ணெய்தான், தொட்டாலே ஒட்டிக்கும். கை ரொம்ப பலம் கம்மியா இருக்கறவங்களுக்கு மொதல்லயே அதுல நாலு கலராச்சும் முயற்சி பண்ணலாம்னு தோணுது. பேர் தெரியாத ஒரு மலிவு செட்டும் வாங்கியிருக்கேன், பேர் சொல்லல, மெழுகுவத்திய வெச்சு தேய்ச்ச மாதிரி இருந்துச்சு, அத வெச்சு புள்ளைக்கு வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க. காசு மிச்சம் புடிக்கணும்னா பேப்பர்ல புடிக்காதீங்க. ஜெராக்ஸ் பேப்பர் வழுக்கும், எண்ணெய் பின்னாடி இறங்கும். கொஞ்சம் சொரசொரப்பா, கனம் 150 ஜிஎஸ்எம்முக்கு மேல, ஏ3 சைஸு. சின்னப் பேப்பர் வேணாம், தோள்ல இருந்து கை அசைஞ்சாத்தான் அவங்களுக்கு சுலபம்.

எல்லாருக்கும் இது ஒத்து வரும்னு நான் சொல்லல. சில புள்ளைங்களுக்கு கையில பிசுபிசுப்பே ஆகாது, தொடவே மாட்டாங்க. அவங்களுக்காக ஒருத்தர பத்தி சொல்லணும், ஜூடித் ஸ்காட்னு அமெரிக்காவுல ஒரு அம்மா, 1943ல பொறந்தவங்க, டவுன் சிண்ட்ரோம். ரெட்டைப் பொறவி, கூடப் பொறந்த ஜாய்ஸுக்கு இது இல்ல. ஜூடித்த 7 வயசுல ஒரு இல்லத்துல கொண்டு போய் விட்டுட்டாங்க, காது கேக்காதுங்கறதே பல வருஷமா யாரும் கண்டுபிடிக்கல, பேச வரலன்னா புத்தி இல்லன்னு எழுதிட்டாங்க. 35 வருஷம் அப்படியே போச்சு. அப்புறம் ஜாய்ஸ்தான் பொறுப்பு எடுத்து வெளிய கூட்டிட்டு வந்து, 1987ல கலிஃபோர்னியா ஓக்லாண்ட்ல கிரியேட்டிவ் க்ரோத்னு ஒரு இடத்துல சேத்துவிட்டாங்க. ஊனமுள்ள பெரியவங்களுக்கான ஸ்டூடியோ அது, 1974ல இருந்து நடக்குது. அங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பெயிண்டு, பென்சில் எதுலயும் அவங்களுக்கு மனசு ஒட்டல. நூல் கைக்கு வந்ததும் ஆரம்பிச்சாங்க பாருங்க. குச்சி, நாற்காலி, சக்கரம், கைக்கு கிடைச்ச எதையும் நூல் சுத்தி சுத்தி சுத்தி, உள்ள என்ன இருக்குன்னே தெரியாத அளவுக்கு, ஆள் உசரத்துக்கு உருவங்க. 2005ல இறக்கற வரைக்கும் அதத்தான் செஞ்சாங்க. 2014ல நியூயார்க் புரூக்ளின் மியூசியத்துல அவங்களுக்குன்னு தனி கண்காட்சியே வெச்சாங்க. எனக்கு இதுல மண்டையில நிக்கறது அந்த ரெண்டு வருஷம்தான். அங்க இருந்தவங்க யாரும் அவங்க கையப் புடிச்சு சூரியன் வரைய வெக்கல பாருங்க. அதனால பேஸ்டல் ஆகலன்னா நூல் குடுங்க, களிமண் குடுங்க, சாணித்தாள கிழிக்கக் குடுங்க.

சென்னையில இருக்கறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல சோழமண்டலம் கூட்டிட்டுப் போங்க, 1966ல கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்ச ஓவியர் கிராமம். நான் அங்க மாடர்ன் பெயிண்டிங் முன்னாடி நின்னு என்னது இதுன்னு தலைய சாச்சு சாச்சு பாத்துக்கிட்டு இருக்கேன், இவன் ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு கைய காத்துல ஆட்டி அந்தக் கோடு எப்படி போயிருக்கும்னு போட்டுப் பாக்கறான். எனக்கு அது தோணவே இல்ல.

மார்க்கு போடணும்னா 5க்கு 4. அந்த ஒண்ணு அம்மா புடவைக்கு.

போன மாசம் மொத தடவையா ஒரு பஸ்ஸுக்கு ஃபிரேம் போட்டோம். கண்ணாடி நேரா படத்துல படக்கூடாது, படம் அப்படியே ஒட்டிக்கும், நடுவுல மவுண்ட் போர்டு, அதான் படத்த சுத்தி வர்ற கெட்டி அட்டை, வெக்கச் சொல்லுங்க. கடைக்காரர் அத அளந்துட்டு, ஓரமெல்லாம் கைரேகையா இருக்கு மேடம், பேரு வேற கோணலா இருக்கு, மவுண்ட்ட கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சா எல்லாம் மறைஞ்சுடும், நீட்டா இருக்கும்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவன் போய் அந்தப் பேர் மேல உள்ளங்கைய விரிச்சு வெச்சுட்டான். எடுக்கவே இல்ல. "நான் வரைஞ்சேன்" ன்னான். கடைக்காரர் அவன பாத்தாரு, என்ன பாத்தாரு, அப்புறம் டேப்ப எடுத்து மறுபடி வெளிய இருந்து அளந்தாரு, 60 ரூபா ஜாஸ்தி ஆகும்னாரு. இப்ப ஹால்ல காலண்டருக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு. அந்த உள்ளங்கை வெச்ச இடத்துல பேரோட பாதி எழுத்து இழுவிப் போச்சு, கடைசி எழுத்து மட்டும் நல்லா தெரியும்.